ஒன்பதாவது பார்

சவரியான் என் அண்ணன்.
படகுகளுக்கு நம்பர் எழுதுவான், மாதா பேர் எழுதுவான்,
எழுத்துக்குப் பதினைந்து ரூபாய்.
மண்டபத்தில் பாதிப் படகுகளின் நெற்றி
அவன் கையெழுத்துதான்.
மீதி நேரம் வரைவான்.
தெர்மாகோல் பெட்டி மூடியில், கிழிந்த தார்ப்பாயில்,
ஒருமுறை அம்மாவின் எக்ஸ்ரேயில்.

தூக்கம் வராத மாதங்களில்
விடிய மூன்று மணிக்கு எனக்குக் குரல்பதிவு அனுப்புவான்.
'தம்பி, கச்சான் அடிக்கிறப்ப
தண்ணிக்கு ரெண்டு தோலுடா.
மேல்தோலுக்கு எங்கிட்ட கலர் இருக்கு.
அடித்தோலுக்கு இல்ல.'
சிலதில் பேச்சே இராது.
நாலு நிமிடம் வெறும் காற்று.
அதையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான்
கம்ப்ரசருக்கு எண்ணெய் விடப் போவேன்.
நடுவில் நிறுத்தினால்
அங்கே அவன் எதிலிருந்தோ விழுந்துவிடுவான் என்று ஒரு பயம்.

ஏர்வாடிக்கு ஒருமுறை கூட்டிப்போனேன்.
சித்தப்பா சொன்னார்.
ஒரே ராத்திரி. விடிந்ததும் திரும்ப பஸ் ஏறினோம்.
கீழக்கரை தாண்டும்வரை என் சட்டைக்கையை விடவில்லை.
பிறகு ஜன்னலைக் காட்டி
'உப்பளத்துல அந்த ஊதாவப் பாத்தியா' என்றான்.
நான் பார்க்கவில்லை.
பார்த்தேன் என்றேன்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி மாத்திரை
ராத்திரி ஒன்று, காலையில் பாதி.
'இதப் போட்டா கலரெல்லாம்
செவுத்துக்கு அந்தப் பக்கம் போயி நிக்குது.'
ஆனாலும் என் கண்முன்னால் வாயில் போடுவான்.
நான் தலையைத் திருப்பியதும் என்ன செய்தான் என்பது
கட்டிலுக்கு அடியில் கூட்டியபோது தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை
போட்டு கடலுக்குப் போகிற நாள்.
நூற்றி இருபது பார் ஐஸ் ஏற வேண்டும்.
அரைமணி நேரம் கண்ணயர்ந்துவிட்டேன்.
எழுந்து பார்த்தால்
பிளாண்டுக்குள் செருப்பில்லாமல் நிற்கிறான்,
விரல்களெல்லாம் வெளிறி, கையில் பவுடர் கலர் டப்பா.
வரிசையாக ஒன்பது பாரின் முகத்திலும்
கடல்.
எங்கள் கடல்தான். ஆனால்
அப்பாவைத் தேடிப் போன அன்று
நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்த்த கடல்.
அதை மறந்துவிட்டேன் என்றுதான்
இருபத்திரண்டு வருடம் நினைத்திருந்தேன்.

'மீனுல சாயம் இருந்தா கேரளாக்காரன் எடுப்பானா?'
முதலாளி சீனி நெய்னா கத்தினார்.
நியாயம்தான்.
எட்டு பாரை உடைத்து வாய்க்காலில் தள்ளினோம்.
காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
ஒன்பதாவதை
உமிக்குள் புதைத்தேன். சாக்கு, அதன்மேல் போர்வை,
அதன்மேல் இன்னொரு சாக்கு.
மூன்று நாள் ஜெசிந்தா என்னோடு பேசவில்லை.
போர்வை அவள் வீட்டுச் சீர்.

வேலை முடிந்ததும் போய்த் திறந்து பார்ப்பேன்.
முதல் நாள் அலை போயிருந்தது.
இரண்டாம் நாள் அடிவானம் என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.
மூன்றாம் நாள் ஒரு பலகையளவுதான் மிச்சம்,
அதில் ஒரு கறுப்புப் புள்ளி.
அப்பாவின் வல்லமா, கைதவறிய சொட்டா,
அவனிடம் கேட்கவில்லை.
நான்காம் நாள் தண்ணீர்.

வடித்து லிட்டர் பாட்டிலில் ஊற்றி
ஆபீஸ் அலமாரியில் லோடு சீட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன்.
ஒரு வாரத்தில் கலரெல்லாம் அடியில் படிந்து
மேலே ஒன்றுமில்லாத தெளிவு.

நேற்று வந்தான், முகச்சவரம் செய்துகொண்டு.
மூன்று வாரமாக மாத்திரை ஒழுங்கு.
ஏதோ படகுக்கு நம்பர் எழுதிய காசில்
எனக்கு பஜ்ஜி, எண்ணெய் ஊறிய தாளில்.
சீட்டுகளை ஒதுக்கிப் பாட்டிலை எடுத்தான்.
என்ன ஏது என்று கேட்கவில்லை.
குலுக்கினான்,
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்,
அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

'நீலம் பத்தலடா.'

எந்த நீலம் என்றேன்.
சொன்னான்.
ஒரு லோடு சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.